கையேட்டில் இல்லாத பக்கம்

ஜனவரி 7, ஞாயிறு

சென்னையிலிருந்து இன்று காலைதான் திரும்பினேன். கட்டற்ற மென்பொருள்காரர்கள் ஆண்டுக்கு ஒருமுறை கூடும் கூட்டம். ‘கரைத்துணை’யைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். கைதட்டினார்கள். பிறகு பிரகாசியை மேடைக்கு அழைத்தார்கள். எழுந்து நின்று கைதட்டினார்கள்.

இதைப் பொறாமையில் எழுதவில்லை. நடந்தது நடந்தபடி இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கரைத்துணையை எழுதியவன் நான். கைபேசியில் கடலின் வரைபடம் தெரியும், அதில் வள்ளம் நிற்கும் இடமும் எல்லைக் கோடும் தெரியும். கோட்டை நெருங்கினால் கைபேசி அலறும். ஜிபிஎஸ் செட் வாங்க முடியாத சின்ன வள்ளக்காரர்களுக்காக, பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திய நேரம் போக, மூன்று வருடம் உட்கார்ந்து எழுதினேன். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று சொல்லி இணையத்தில் வைத்தேன். முதல் வருடத்தில் நாற்பது பேர் எடுத்தார்கள். அதில் பாதி என் மாணவர்கள். இன்டர்னல் மார்க்குக்காக எடுத்தவர்கள்.

பிரகாசி மணற்குடியில் கோயிலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். பிளஸ் டூ படித்தவள். கணவன் கஸ்பார் வள்ளத்துக்குப் போகிறவன். கடைக்கு வந்து கடல்காரர்கள் கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு என்னிடம் வருவாள். நான் சொன்ன பதிலைத் தன் பாஷையில் திருப்பி எழுதுவாள். அப்படித்தான் அறுபத்திரண்டு பக்கக் கையேடு உருவானது. ‘இந்தப் பொத்தான அமுக்குனா ஒண்ணும் கெட்டுப்போவாது, பயப்படாதீங்க’ என்றெல்லாம் அதில் வரும். கையேடு வந்த ஒரே வருடத்தில் பதினோரு ஊர் வள்ளங்கள் கரைத்துணையை ஏற்றிக்கொண்டன. கொல்லத்தில் ஷீபா என்று ஒரு டீச்சர் அதை மலையாளத்தில் பெயர்த்திருக்கிறார்.

நினைவுப் பரிசில் என் பெயரை ஞானத்திரவியம் என்று ஒரு ‘த்’ கூடுதலாகப் போட்டு அச்சடித்திருந்தார்கள். அவள் பெயர் சரியாக இருந்தது.

ஜனவரி 10, புதன்

கடைவாய்ப் பல் வலி. தண்ணீர் மோட்டார் ஓடவில்லை; காயில் போய்விட்டதாம். நாலாம் பதிப்பு வேலை நடக்கிறது.

ஜனவரி 16, செவ்வாய்

பொங்கல் விடுமுறையில் முடித்து நாலாம் பதிப்பை வெளியிட்டேன். இதில் பெரிய மாற்றம் ஒன்று செய்திருக்கிறேன். கடல்காரர்கள் 8.40 என்று அடித்தால் எட்டு டிகிரி நாற்பது மினிட் என்று பொருள். ஒரு டிகிரிக்கு அறுபது மினிட். இதுவரை நிரலும் அப்படியே எடுத்துக்கொண்டது. ஆனால் உலகத்து வரைபட மென்பொருள்கள் எல்லாம் தசம முறையில் இயங்குகின்றன. அவற்றுக்கு 8.40 என்பது எட்டும், பத்தில் நாலு பங்கும். நானும் அதற்கு மாற்றிவிட்டேன். இனி வெளிநாட்டு வரைபடங்களோடும் கரைத்துணை ஒத்துப்போகும். அழகான வேலை. இதைப் பாராட்ட இந்த மாவட்டத்தில் ஆள் கிடையாது.

ஜனவரி 18, வியாழன்

பிரகாசி பஸ் பிடித்து வீட்டுக்கே வந்துவிட்டாள். உட்காரக்கூட இல்லை.

“சார், புதுசு ஏத்திப் பாத்தேன். எங்க கோயில் கோபுரம் கடல்ல நிக்கி.”

“என்ன?”

“கோபுரத்துப் பாயிண்டு பழசுல சரியா கரையில இருந்துச்சு. புதுசுல அதே பாயிண்டு தண்ணிக்குள்ள கெடக்கு. நீங்க என்னத்த மாத்துனீங்க?”

சொன்னேன். அவள் கைபேசியைத் தட்டிப் பார்த்து, விரல் விட்டு ஏதோ எண்ணினாள்.

“அப்போ 8.40ன்னா இனி இருபத்திநாலு மினிட்டா? பதினாறு மினிட் கொறையுது. மினிட்டுக்கு ஒரு கடல் மைலு. பதினாறு மைலு தெக்க தள்ளிப் போகும். சார், ஊர் ஊரா எல்லைக் கோட்டுப் பாயிண்ட எல்லாரும் பழைய முறையிலதான அடிச்சு வச்சிருக்காவ? புதுசு ஏத்துன உடனே கோடும் தெக்க போயிருமே. தாண்டுன பொறவும் போன் சத்தம் போடாதே!”

அதை நான் யோசித்திருந்தேன். அல்லது யோசிக்க இருந்தேன்.

“பாயிண்டை ஒரு தடவை மறுபடி அடிச்சாப் போதும்” என்றேன்.

“அது அவியளுக்கு எப்படித் தெரியும்? யாராவது எழுதில்லா வைக்கணும்?”

மேசையில் உட்கார்ந்து அங்கேயே எழுதினாள். கையேட்டின் முதல் பக்கமாக, சிவப்பு எழுத்தில்: ‘நாலாம் பதிப்பு ஏத்துறதுக்கு முன்னாடி இத வாசிங்க.’ நான்தான் அவள் கண்முன்னே இணையத்தில் ஏற்றினேன். அவள் தன் கைபேசியில் வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போனாள். என்னை நம்பாதவள் மாதிரி.

ஜனவரி 20, சனி

சென்னைக் கூட்டத்தை நடத்தியவர் கடிதம் எழுதியிருக்கிறார். ‘புதிய பதிப்பில் இருந்த பெரிய ஆபத்தைக் கையேட்டின் முதல் பக்கம் காப்பாற்றிவிட்டது. இதுதான் நல்ல ஆவணத்துக்கு அடையாளம். அடுத்த மாதம் பெங்களூரில் பேச பிரகாசியை அழைக்க விரும்புகிறோம். அவருடைய தொலைபேசி எண் கிடைக்குமா?’

என் நிரலில் ‘பெரிய ஆபத்து’. எழுதியவனுக்குத் தொலைபேசி எண் இல்லையா?

காலை காபிக்குப் பிறகு அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டேன். நாலு நாளில் நிரலையே சரிசெய்துவிடுவேன். பிறகு எச்சரிக்கை எதற்கு?

ஜனவரி 24, புதன்

விடைத்தாள்கள் வந்துவிட்டன. இருநூற்றுப் பத்து. பல் டாக்டர் வேர்ச் சிகிச்சை செய்ய வேண்டும் என்கிறார். மூன்று முறை வர வேண்டுமாம்.

ஜனவரி 29, திங்கள்

விடைத்தாள்.

பிப்ரவரி 3, சனி

இரண்டாம் முறை பல் டாக்டர். வாய் மரத்துப்போய் மாலை வரை பேச முடியவில்லை. பெங்களூருக்கு அழைத்தவருக்கு, ‘பிரகாசிக்கு வெளியூர்ப் பயணம் வசதிப்படாது’ என்று பதில் எழுதினேன். உண்மைதான். கடையை யார் பார்ப்பது?

பிப்ரவரி 6, செவ்வாய்

சங்குமுனை வள்ளம் ஒன்று எல்லை தாண்டிப் பிடிபட்டதாகச் செய்தி. ஏழு பேர். அக்கரை நாட்டின் ரோந்துப் படகு நெருங்கியபோது அலையில் இரண்டும் மோதி, ராயப்பன் என்பவருடைய கால் நடுவில் சிக்கி நசுங்கிவிட்டதாம். ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம்.

மாதத்துக்கு ஒரு வள்ளம் இப்படித்தான் பிடிபடுகிறது. பேராசை பிடித்தவர்கள் தெரிந்தே போகிறார்கள்.

பிப்ரவரி 7, புதன்

பிரகாசி காலை ஏழு மணிக்குப் போன் செய்தாள். அழுகையில் முதலில் ஒன்றும் புரியவில்லை.

“சங்குமுனைக்காரங்க கடைக்கு வந்துட்டாங்க சார். ஒண்ணாந்தேதிதான் புதுசு ஏத்தினாங்களாம். ‘ஒம் புஸ்தகத்தப் பாத்துத்தான ஏத்துனோம், அதுல ஒண்ணுமே போடலையே பாவி’ங்காங்க. நான் எழுதினேன்லா சார்? முத பக்கத்துல? இப்பப் பாக்கேன், அந்தப் பக்கத்தையே காணோம்.”

“காணோமா?”

“நீங்க எடுத்தீங்களா சார்?”

“நான் ஏன் எடுக்கப்போறேன்? உன்கிட்டயும்தானே பாஸ்வேர்ட் இருக்கு. பதிவேட்டைப் பார்த்துச் சொல்றேன்.”

பதிவேடு என்பது மென்பொருளோடு கூடவே இருப்பது. யார், எந்த நாள், எதைச் சேர்த்தார், எதை நீக்கினார் என்று ஒவ்வொரு மாற்றமும் பெயரோடு அதில் விழும். எங்கள் தொழிலில் அதை மாற்றக் கூடாது என்பார்கள். ஆனால் மாற்ற வழி உண்டு.

மதியம் கல்லூரி லேபில் பதிவேட்டை ஒழுங்குபடுத்தினேன். கையேட்டில் செய்த மாற்றங்கள் கையேட்டின் பொறுப்பாளர் பெயரில் இருப்பதுதான் முறை. ஜனவரி 20 மாற்றத்தை அந்த முறைக்குக் கொண்டுவந்தேன். கூடவே, சிவப்புப் பக்கத்தைத் திரும்பச் சேர்த்தேன். இனி யாருக்கும் ஆபத்து இல்லை.

 

பிப்ரவரி 9, வெள்ளி

சங்குமுனைப் பங்கு மண்டபத்தில் கூட்டம். பங்குச்சாமியார்தான் என்னை அழைத்திருந்தார். ஏழு வீட்டுப் பெண்களும் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ராயப்பனின் மனைவி லில்லிபுஷ்பம் நடுவில். பிரகாசி தன் நோட்டோடு தூணோரம் நின்றாள். கஸ்பார் அவளுக்குப் பின்னால்.

சாமியார் கேட்டார்: “அந்த எச்சரிக்கைப் பக்கத்த யாரு எடுத்ததுன்னு கண்டுபிடிக்க முடியுமா?”

லேப்டாப்பைத் திறந்து அவர் பக்கம் திருப்பினேன். நான் எதுவும் சொல்லவில்லை. அவரேதான் சத்தமாக வாசித்தார். “ஜனவரி இருபது. முதல் பக்கம் நீக்கம். நீக்கியவர், பிரகாசி.”



லில்லிபுஷ்பம் எழுந்து பிரகாசியிடம் போனாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. கேட்டாள்.

“ஏம்மா எடுத்த?”

“நான் எடுக்கலக்கா.”

“ஒம் பேருல்லா இருக்கு?”

“நான் எடுக்கலக்கா. மாதா சத்தியமா.”

“அவருக்குக் கால எடுக்கணும்னு சொல்லிருக்காங்களாம். அந்த ஊர் பாஷை தெரியாது அவருக்கு. எதுக்கு எடுக்காங்கன்னாவது யாராவது சொல்லிருப்பாங்களா?”

பின்னாலிருந்து ஒருத்தி, “மேடையேறி மால வாங்குனால்லா, இப்ப வாயத் தொறக்கச் சொல்லுங்க” என்றாள். யாரோ பிரகாசியின் நோட்டைப் பிடுங்கி எறிந்தார்கள். பக்கங்கள் கழன்று பெஞ்சுக்கடியில் போயின. கஸ்பார் குனிந்து பொறுக்கினான்.

வெளியே வேப்ப மரத்தடியில் என் பைக்கருகே பிரகாசி வந்து நின்றாள். முகம் வெளிறியிருந்தது. இவ்வளவு நாளில் முதல் தடவையாக அவள் குரலில் நிச்சயம் இல்லை.

“சார், அன்னைக்கு சனிக்கிழம கடையில கூட்டம். போன் கையிலயேதான் இருந்துச்சு. தெரியாம கை பட்டு அழிஞ்சிருக்குமோ?”

அவள் கண்ணைப் பார்க்காமல் பைக் சாவியைப் பார்த்தேன்.

“இருக்கலாம்மா” என்றேன். “மனுஷங்கதானே. மனசுல வச்சுக்காத.”

“ஐயோ” என்றாள். சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

வரும் வழியில் பெட்ரோல் போட்டேன். காற்றும் பிடித்தேன்.

பிப்ரவரி 14, புதன்

சாம்பல் புதன். பிரகாசியின் கடை மூடிக் கிடக்கிறது. ஷட்டரில் யாரோ கரியால் எழுதியிருக்கிறார்கள். இங்கே எழுத முடியாத சொல். கஸ்பாரை வள்ளத்துக்கு யாரும் கூப்பிடுவதில்லையாம். தினமும் ஒருமுறை அவள் சங்குமுனைக்கு நடந்து போய், ஏழு வீட்டு வாசலிலும் நின்று மன்னிப்புக் கேட்கிறாளாம். ஆறு வீட்டில் கதவைச் சாத்துகிறார்களாம். லில்லிபுஷ்பம் மட்டும் சாத்துவதில்லையாம். திறந்து வைத்துக்கொண்டு, அவள் போகும் வரை பார்த்துக்கொண்டே இருப்பாளாம்.

பிப்ரவரி 18, ஞாயிறு

நிரலைச் சரிசெய்தேன். பழைய முறையில் அடித்த பாயிண்டுகளை அதுவே கண்டுபிடித்து மாற்றிக்கொள்ளும்.

இருபது நிமிட வேலை.

பிப்ரவரி 24, சனி

ஏழு பேரையும் மீட்க மனு எழுதித் தருகிறேன். டெல்லிக்கு ஆங்கிலத்தில், கலெக்டருக்குத் தமிழில், தூதரகத்துக்கு மறுபடி ஆங்கிலத்தில். சங்குமுனைப் பெண்கள் வரிசையாக வந்து கையெழுத்தும் கைரேகையும் வைத்துவிட்டுப் போகிறார்கள். ஒருத்தி சீலா மீன் கொண்டுவந்தாள். தவக்காலத்தில் அவர்களே தொடாத மீன். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. “நீங்க இல்லாட்டி எங்களுக்கு யாரு சார்?” என்றாள்.

பல் மூடியாயிற்று. இனி அந்தப் பக்கம் மெல்லலாம் என்றார் டாக்டர். மீன் நன்றாக இருந்தது.

மார்ச் 5, செவ்வாய்

ஆறு பேரை விடுவித்துவிட்டார்கள். காலை எடுத்த இடத்தில் சீழ் பிடித்து, ராயப்பன் ஞாயிற்றுக்கிழமை இறந்துவிட்டார். அவர்கள் வந்த அன்றே அவரும் வந்தார், பெட்டியில்.

மார்ச் 8, வெள்ளி

அடக்கம். எனக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள். திரும்பி வந்த ஆறு பேரும் ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். உள்ளங்கைகள் சொரசொரவென்று இருந்தன. சாமியார் பிரசங்கத்தின் முடிவில் என் பெயரைச் சொல்லி நன்றி கூறினார். யாரோ பொன்னாடை கொண்டுவந்திருந்தார்கள். அடக்க வீட்டில் வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். அது எல்லோருக்கும் பிடித்திருந்தது.

பிரகாசி கல்லறைத் தோட்டத்துக்கு வந்தாள். ராயப்பனின் தம்பி கேட்டருகே மறித்து, “எங்கண்ணனக் கொன்னுட்டு மண்ணு அள்ளிப் போடவும் வந்துட்டியா?” என்றான். அவள் சுவருக்கு வெளியே வெயிலில் முட்டிபோட்டாள். எல்லாம் முடிந்து நாங்கள் வெளியே வந்தபோதும் அப்படியே இருந்தாள். என்னைப் பார்த்ததும் கைகூப்பினாள். மனுக்கள் எழுதியதற்காக.

நானும் தலையசைத்தேன்.

மார்ச் 11, திங்கள்

விடுப்பு.

மார்ச் 18, திங்கள்

பிற்பகல் லேபில் தனியாக இருந்தேன். பிரகாசி செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். ரொம்ப இளைத்திருந்தாள். ஆனால் வேப்ப மரத்தடியில் பார்த்த முகம் இல்லை.

“கொல்லத்து ஷீபா டீச்சர் நேத்து போன் பண்ணுனாங்க சார். ‘ஒங்க சார் ஜனவரியில அந்தப் பக்கத்த ஏன் எடுத்தாரு? மலையாளத்துல நான் எடுக்காம வச்சிருக்கேன், வச்சிருக்கலாமா’ன்னு கேட்டாங்க.”

நான் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஒங்க சார்னு எப்படிச் சொல்லுதீங்கன்னு கேட்டேன். அவங்க ஜனவரி முப்பதாந்தேதி மொத்தத்தையும் நகல் எடுத்து வச்சிருக்காங்க. பதிவேட்டோட. அதுல எடுத்தவங்க பேரு ஞானதிரவியம்னு இருக்கு.”

“நகலை யார் வேணும்னாலும் திருத்தலாம். அது போலி.”

“நானும் அப்படித்தான் சார் நெனச்சேன்.” அவள் உண்மையாகவே சொன்னாள். “ஒங்களப் போயி சந்தேகப்படலாமான்னு. அதான் நகல் எடுத்து வச்சிருக்க எல்லாருக்கும் எழுதிக் கேட்டேன். ஏழு பேரு அனுப்பிச்சாங்க. ஒருத்தருக்கொருத்தர் தெரியாது. ஏழுலயும் ஒங்க பேருதான். ஒங்ககிட்ட இருக்கதுல மட்டுந்தான் எம் பேரு.”

கவரிலிருந்து ஏழு தாள்களை எடுத்து, விசைப்பலகை மேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள்.

“நாப்பது நாளு சார். எங்கைதான் பட்டுருச்சுன்னு, இந்தக் கைய அடுப்புல வைக்கலாமான்னுகூட நெனச்சேன். நீங்க மனசுல வச்சுக்காதன்னு சொன்னீங்க.”

“இப்ப என்ன வேணும் உனக்கு?”

“ஒரு பக்கம் எழுதணும் சார். கையேட்டுல. நடந்தது நடந்தபடி. நீங்களே எழுதுனா நல்லது.”

“வேலை போயிடும் எனக்கு.”

“ராயப்பண்ணன் போயிட்டாரு சார்.”

“கையேடுங்கிறது மென்பொருளை எப்படிப் பயன்படுத்தணும்னு சொல்ல. ஊர்க்கதை எழுத இல்லை.”

“இதுவும் அதுதான சார்? யாரு என்ன செஞ்சா எங்க போயி முடியும்னு வாரவங்களுக்குத் தெரியாண்டாமா?” என்றாள். “ஞாயித்துக்கிழம வரைக்கும் பாக்கேன்.”

அவள் போனதும் அவளுடைய பாஸ்வேர்டை நீக்கினேன். இனி கரைத்துணையின் எந்தப் பக்கத்தையும் அவளால் தொட முடியாது.

மார்ச் 21, வியாழன்

பெங்களூருக்கு அழைத்தவரிடமிருந்து ஒரு வரிக் கடிதம். ‘பிரகாசி அனுப்பிய ஏழு நகல்களையும் நாங்கள் ஒப்பிட்டுப் பார்த்தோம். விளக்கம் தேவை.’ பதில் எழுதவில்லை.

மார்ச் 24, ஞாயிறு

குருத்து ஞாயிறு. கோயிலுக்குப் போகவில்லை.

மார்ச் 25, திங்கள்

பிரகாசி என் அனுமதியைக் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று ஆறு வருடத்துக்கு முன் எழுதி வைத்தவன் நான்தானே? ஷீபாவின் நகலை எடுத்துத் தனியாக ஓர் இடத்தில் வைத்துவிட்டாள். நிரல் அதே நிரல். நான் பிப்ரவரியில் செய்த திருத்தத்தையும் சேர்த்திருக்கிறாள். அதைச் செய்தவர் என்று என் பெயரையும் போட்டிருக்கிறாள். கையேட்டில் இப்போது அறுபத்து நாலு பக்கம். ஒன்று சிவப்புப் பக்கம். இன்னொன்றைத் திறந்தேன், மூடிவிட்டேன்.

மாலைக்குள் ஒன்பது ஊர்கள் அவளுடைய நகலுக்கு மாறிவிட்டன. சங்குமுனையில் இன்னும் யாருக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். அங்கே படிக்கிறவர்கள் குறைவு.

மார்ச் 27, புதன்

இரண்டாம் ஆண்டு வகுப்பு. முப்பத்தொரு பேர். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் தட்டியது. லில்லிபுஷ்பம். வெள்ளைச் சேலை, கையில் நாலாக மடித்த தாள்.

“சார், ஒரு ஒதவி. இத வாசிச்சுச் சொல்லணும்.”

“ஸ்டாஃப் ரூம்ல இருங்கம்மா. பத்து நிமிஷத்துல வரேன்.”

“பஸ்ஸு போயிரும் சார். இங்கனயே வாசிங்க. எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. பிரகாசி குடுத்தா. நீயே வாசிச்சுக் காட்டுன்னேன். ‘நான் வாசிச்சா எம் பக்கத்துக்கு வாசிச்ச மாதிரி இருக்கும்க்கா, சார்கிட்டக் குடுங்க’ன்னுட்டா.”

தாளை விரித்தேன். பிரகாசியின் வழக்கப்படி எண் போட்டு எழுதியிருந்தது. முன்பெஞ்சில் இருந்த மாணவிகள் அந்த அம்மாளுக்கு இடம் விட்டு நகர்ந்தார்கள். அவள் உட்காரவில்லை.

வாசித்தேன்.

“ஒன்று. கரைத்துணையின் மூன்றாம் பதிப்பு வரை, 8.40 என்று அடித்தால் எட்டு டிகிரி நாற்பது மினிட். இரண்டு. நாலாம் பதிப்பில் இது மாறியது. மூன்று. மாறியதால் எல்லைக் கோடு தெற்கே தள்ளிப்போனது...”

என் குரல் நன்றாகத்தான் இருந்தது. பாடம் நடத்துகிற குரல். எந்த நாள் எச்சரிக்கைப் பக்கம் சேர்ந்தது, எந்த நாள் காணாமல் போனது, எந்த நாள் சங்குமுனை வள்ளம் புதுப் பதிப்பை ஏற்றியது என்று ஒன்றன்பின் ஒன்றாக. ஒன்பதாவது எண்ணில் ஏழு பேரின் பெயர்கள். ராயப்பன் பெயருக்கு அவள் கண்ணை மூடித் திறந்தாள். பத்தாவதில் அவர் இறந்த நாள். பிறகு, பன்னிரண்டாவது, பாயிண்டுகளை மறுபடி அடிப்பது எப்படி. பதிமூன்றாவது, அடித்தது சரியா என்று கரையிலேயே சோதித்துப் பார்ப்பது எப்படி. பதினாலாவது, சந்தேகம் வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும், எந்த எண்ணில்.

தாளை மடித்து நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை. வலது கை விரல் மடக்கியிருந்தது. நான் வாசித்தபோதெல்லாம் அவள் எண்ணிக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

“மொத்தம் பதினாலுன்னு பிரகாசி சொன்னா. பதிமூணுதான் வந்துச்சு. பத்துக்குப் பொறவு பன்னெண்டு சொன்னீங்க.”

பின்பெஞ்சில் ஒரு பேனா உருண்டு விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

“பதினொண்ணு என்ன சார்?”

தாளை மறுபடி விரித்தேன்.

“பதினொன்று” என்றேன். “ஜனவரி 20 காலை எச்சரிக்கைப் பக்கத்தைக் கையேட்டிலிருந்து எடுத்தவர், கரைத்துணையை எழுதிய ஞானதிரவியம் சார். பிப்ரவரி 7 அன்று, எடுத்தவர் பெயரை அழித்துப் பிரகாசி பெயரைப் போட்டவரும் அவர்தான்.”

அவள் கத்தவில்லை. சாபம் விடவில்லை. தலையைச் சற்றுச் சாய்த்து, காது கொடுத்த மாதிரி நின்றாள்.

“இன்னொரு தடவ வாசிங்க.”

“எதுக்கும்மா?”

“எனக்கு வாசிக்க வராதுலா? மனப்பாடம் ஆவணும். அவரு அம்மைக்கும் வாசிக்க வராது. பாக்கி ஆறு வீட்டுலயும் போய்ச் சொல்லணும். தப்பாச் சொல்லிட்டா, திருப்பியும் ஒரு பொம்பளப்பிள்ள மேல பழி விழும்.”

வாசித்தேன். இன்னொரு தடவை என்றாள். வாசித்தேன். மூன்றாம் தடவையில் அவள் உதடு அசையத் தொடங்கியது. நாலாம் தடவை என் கூடவே சொல்லி வந்தாள், தேதியில் தட்டியதும் நிறுத்தி, “பெப்ரவரி ஏழா, எட்டா?” என்று கேட்டாள். ஏழு என்றேன். ஐந்தாம் தடவை என்னைக் கையமர்த்திவிட்டு, முப்பத்தொரு மாணவர்கள் முன்னால், என் முகத்தைப் பார்த்தபடி அவளே சொன்னாள், என் பெயருக்குப் பின்னால் இருந்த ‘சார்’ உட்பட.

ஒரு சொல்லும் தவறவில்லை.